பிறர் நெற்றியில் நம் சுமை

நேபாள நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடங்கள் முந்தியது. காத்மாண்டுவில் இறங்கியதும் கடிகாரத்தைத் திருத்தி, அஸர் தொழுகையின் நேரத்தைப் பார்த்துக்கொண்டோம். லாங்டாங் பள்ளத்தாக்கில் ஒரு வாரம் நடப்பதற்காக நண்பர்கள் நால்வர் சென்றிருந்தோம். மலைக்குப் புறப்படும் முன் இரண்டு நாட்கள் அந்நகரில் தங்க வேண்டியிருந்தது.

நாங்கள் கண்ட முதல் காட்சி மலையன்று. விமான நிலைய வாயிலில், கழுத்தில் மாலையும் நெற்றியில் திலகமுமாக இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நின்றுகொண்டிருந்தனர். கத்தாருக்கும் சவூதிக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குச் செல்பவர்கள். தாய்மார்கள் கண்களைத் துடைத்தவாறு அவர்களை வழியனுப்பினர். வளைகுடாவுக்கு ஆண்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு, அந்த வாயில் சற்றும் அந்நியமாகத் தோன்றவில்லை.

நகரம் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயினும் புழுதி மண்டிய வானத்தில் பனிமலைகள் தென்படவில்லை. தாமெல் தெருக்களில் கயிறும் காலணியும் குளிர் அங்கியும் விற்கும் கடைகள் வரிசையாக நின்றன. அசான் சந்தையின் நெருக்கடியான சந்தில் ஒரு மனிதர் குளிர்பதனப் பெட்டியொன்றைத் தனியாகச் சுமந்து சென்றார். முதுகில் பெட்டி, அதைத் தாங்கும் அகன்ற பட்டை நெற்றியில். ‘நாம்லோ’ என்று அதற்குப் பெயராம். எதிரே வருபவரைப் பார்க்கக்கூட அவரால் தலையை நிமிர்த்த இயலவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பயணிகளுக்கு ஜும்ஆ கடமையில்லை என்றாலும், கண்டாகர் மணிக்கூண்டுக்கு அருகிலுள்ள ஜாமிஆ பள்ளிவாசலுக்குச் சென்றோம். நேபாள மக்களில் முஸ்லிம்கள் சுமார் 5 விழுக்காட்டினர். மல்ல மன்னர்களின் காலத்திலேயே திபெத்துடன் வணிகம் செய்ய வந்த காஷ்மீரிகளின் வழித்தோன்றல்களும், தெராய் சமவெளியிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்களும், திபெத்திய முஸ்லிம்களும் இந்நகரில் வாழ்கின்றனர். குத்பாவின் உருது எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. ஸஃபில் தோளோடு தோள் சேர்ந்தபோது, மொழி புரியாத குறை பெரிதாகத் தோன்றவில்லை.

அப்பள்ளியை ஒட்டி ஒரு கப்ர் இருக்கிறது. 1857இல் லக்னோவில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற அவத் அரசி பேகம் ஹஸ்ரத் மஹல் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். போரில் தோற்றபின் மகன் பிர்ஜிஸ் கத்ருடன் இமயத்தின் அடிவாரம் கடந்து வந்த அவருக்கு, நேபாளத்தின் ஜங் பகதூர் ராணா அடைக்கலம் அளித்தார். லக்னோவை மீட்க ஆங்கிலேயருக்குத் துணையாகப் படை நடத்திச் சென்றவரும் அதே ஜங் பகதூர்தான். நாடு திரும்பாமலேயே 1879இல் பேகம் இறையடி சேர்ந்தார். நாங்கள் விரும்பி வந்த ஊரில், வேறு வழியின்றி வந்த ஒருவர் உறங்குகிறார். ஸலாம் கூறி, அவருக்காக துஆச் செய்தோம்.

வெளியே வந்தபோது தெராயைச் சேர்ந்த முதியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அவருடைய மகன் கத்தாரில் கட்டட வேலை செய்கிறாராம். நாங்கள் மலையேற வந்திருப்பதை எங்களில் இந்தி அறிந்த நண்பர் விளக்கினார். பெரியவர் மலையின் பெயரைக் கேட்கவில்லை. “சாமான்களை யார் சுமப்பார்? எத்தனை கிலோ?” என்று மட்டும் கேட்டார்.

விடுதிக்குத் திரும்பி எடைபோட்டோம். ஒவ்வொரு பையும் 14 கிலோ. வழிகாட்டி ஏற்பாடு செய்திருந்த சுமைதூக்குபவர்கள் இருவர். ஆளுக்கு 28 கிலோ. வழக்கமான அளவுதான் என்றார் வழிகாட்டி. பைகளைத் திறந்தால் பாதி இடத்தை உணவு அடைத்திருந்தது. ஹலால் குறித்த ஐயத்தால் ஊரிலிருந்து கொண்டுவந்த மீன் டப்பாக்கள், ஊறுகாய், மாவு வகைகள். பேணுதல் நல்லதுதான். ஆனால் எங்கள் பேணுதலின் எடையை வேறொருவரின் நெற்றி சுமக்க வேண்டுமா?

பணியாளர்மீது அவர்களின் சக்திக்கு மீறிய பாரத்தைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அப்படியானால் நம் பையை நாமே சுமப்போம் என்றார் ஒரு நண்பர். அதனால் அவ்விருவரின் ஒரு வாரக் கூலி போய்விடுமே என்றார் மற்றவர். லாங்டாங் கிராமம் 2015 நிலநடுக்கத்தில் சரிந்து விழுந்த பனியிலும் பாறையிலும் புதையுண்டது. அப்பள்ளத்தாக்கு இன்று பெரிதும் நடைபயணிகளின் வரவை நம்பியே வாழ்கிறது. இஷாவுக்குப் பின்னும் விவாதம் நீண்டது. இறுதியில் முடிவாயிற்று: இருவரும் வருவர், பேசிய கூலியில் குறைவில்லை, பை ஒன்றுக்கு 10 கிலோவுக்கு மேல் இராது. அவர்களுக்குக் காப்பீடும் குளிர் அங்கியும் நல்ல காலணியும் உண்டா என்று வழிகாட்டியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம். வழியிலுள்ள விடுதிகளில் பருப்பும் சோறும் உருளைக்கிழங்கும் முட்டையும் கிடைக்கும். இறைச்சியின்றி ஒரு வாரம் இருப்பது பெரிய தியாகமன்று. எடுத்து வைத்த உணவைப் பள்ளிவாசலில் சேர்ப்பித்தோம்.

மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் கூறுவது நபித்தோழர்களின் வழக்கம். ஏறுகிறவனுக்குத் தன் உயரம் பெரிதாகத் தோன்றும் வேளையில், அல்லாஹ்வே பெரியவன் என்று நாவு நினைவூட்ட வேண்டும். நமக்காக ஏறுகிறவரின் மூச்சும் அப்போது நம் காதில் விழ வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் விடியலில், சியாப்ருபேசி செல்லும் பேருந்தருகே அவ்விருவரும் வந்தனர். இருபது வயதைக் கடந்திராத இளைஞர்கள். ஒருவர் எங்கள் பைகள் இரண்டைச் சேர்த்துக் கட்டித் தூக்கிப் பார்த்தார். பின்னர், வேறு பை எங்கே என்பதுபோல எங்களைச் சுற்றிலும் தேடினார். இவ்வளவுதான் என்று கைகாட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே கயிற்றை இறுக்கினார். எல்லாப் புகழும் இறைவனுக்கே.