பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையும் எங்கள் பயணமும்



2023-ஆம் ஆண்டு ரமலான் முடிந்த கையோடு, எங்கள் குடும்பம் சிங்கப்பூருக்குக் குடிபெயர்வதென்று முடிவாயிற்று. பிள்ளைகளின் வாப்பாவுக்கு அங்கே பொறியாளர் பணி கிடைத்திருந்தது. மூத்தவனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு ஏழு, இளையவனுக்கு நான்கு. பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, குர்ஆன் ஓத அனுப்புவதற்கு ஓரிடம் என எல்லாவற்றையும் விசாரித்துவிட்டோம். தடுப்பூசி அட்டை மட்டும் எவர் நினைவிலும் இல்லை.

அதை நினைவூட்டியது அனுமதிக்கான விண்ணப்பம். வெளிநாட்டில் பிறந்த, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை நீண்ட கால அனுமதியில் அழைத்துச் செல்வோர், தொண்டை அடைப்பானுக்கும் தட்டம்மைக்கும் தடுப்பூசி போடப்பட்டதற்கான சான்றை அப்போது அந்நாட்டின் சுகாதார மேம்பாட்டு வாரியத்திடம் முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2019 பிப்ரவரி முதல் அங்கே இதுவே நடைமுறை. அந்நாட்டுக் குழந்தைகளுக்கும் இவ்விரண்டு தடுப்பூசிகள் சட்டப்படி கட்டாயம். ஆகவே வந்தேறிகளுக்கென்று தனியாக விதித்த கெடுபிடி என்று இதைச் சொல்ல முடியாது. விமானச்சீட்டு எடுக்கும் முன்னரே இது தெரிந்தது அல்லாஹ்வின் அருள்.

அட்டைகளைத் தேடத் தொடங்கினோம். மூத்தவனுடையது மாமியின் பீரோவில், பழைய நிலப்பத்திரங்களுக்கு நடுவே, நான்காக மடிந்து கிடந்தது. மகளுடையது தனியார் மருத்துவமனைப் புத்தகம்; அதில் மருந்தின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை, குப்பியிலிருந்து உரித்தெடுத்த சிறு ஒட்டுச்சீட்டுகளே ஒட்டப்பட்டிருந்தன. இளையவனுடையது ஆரம்ப சுகாதார நிலையத்தின் அட்டை, கட்டத்துக்குக் கட்டம் தேதியோடு ஒழுங்காக இருந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு முறையும் வீடு தேடி வந்து, பிள்ளையைத் தூக்கி வரச் சொல்லி எழுதிய கையெழுத்து அது. பெரிய மருத்துவமனையின் வழவழப்பான புத்தகத்தைக் காட்டிலும் அந்த அம்மையாரின் நீல மை எங்களுக்கு அதிகம் உதவிற்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மாமிக்கு எங்கள் பரபரப்பு விளங்கவில்லை. மூத்தவனின் இடது தோளைத் திருப்பிக் காட்டி, "ஊசி போடலைன்னு யாரு சொன்னா? இந்தா தழும்பு இருக்குதே!" என்றார்கள். அது காசநோய்க்காகப் பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசியின் தழும்பு. மற்ற ஊசிகள் அப்படி அடையாளம் எதையும் விட்டுச் செல்வதில்லை. "முகாமுக்கு முகாம் தூக்கிட்டுப் போயி சொட்டு மருந்து ஊத்தினேனே, விரல்ல மை வச்சாங்களே" என்றும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் விரலில் வைத்த மை சில நாட்களில் அழிந்துவிடும். அட்டையில் ஏறாத சொட்டு மருந்துக்கு வேறு நாட்டில் கணக்கு இல்லை.

மூன்று அட்டைகளோடு எங்களூர்க் குழந்தை நல மருத்துவரிடம் சென்றோம். அவர் முதலில் பார்த்தது தேதிகளை அல்ல, பெயர்களை. மகளின் புத்தகத்தின் முதல் பக்கத்தில், தாயின் பெயரை எழுதி "இன்னாரின் பெண் குழந்தை" என்றே போட்டிருந்தார்கள். ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டிய பின்னர் அதைத் திருத்த வேண்டுமென்று எங்களுக்குத் தோன்றவில்லை. மூத்தவன் அட்டையிலோ பெயரின் ஆங்கில எழுத்துக்கள் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் இருந்தன. நம் சமூகத்தில் முஹம்மது என்ற ஒரு பெயரையே எத்தனை விதமாக எழுதுகிறோம்! பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளுக்கும் போட்ட ஊசிகளையும் தேதிகளையும் ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு, முத்திரையிட்டுத் தருவதாக மருத்துவர் கூறினார்.

பிறகு மூத்தவனின் அட்டையில் விரலை வைத்தார். "ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி ஒன்று போட்டிருக்கிறீர்கள். அடுத்தது எங்கே?"

அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

ஒன்றரை வயதில் போட வேண்டிய ஊசி அது. அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போட்டோம், பிறகு மறந்தோம். ஒன்பதாம் மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குழந்தையின் உடலில் சற்று எஞ்சியிருக்கும். அதனால் அந்த ஊசி எல்லாக் குழந்தைகளிடமும் முழுமையாக வேலை செய்வதில்லை. ஒரு வயதுக்குப் பின் போடுவதையே பல நாடுகள் கணக்கில் எடுக்கின்றன என்று மருத்துவர் விளக்கினார். "போகட்டும், 2017-இல் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்களே, அதையாவது போட்டீர்களா?" என்று கேட்டார்.

நாம் பதில் சொல்லவில்லை. பிள்ளைகளின் வாப்பா நம் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் தமிழகத்தில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு அந்த ஊசி முகாம் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகள் பறந்த காலம் அது. ஊசி போட்டால் பிள்ளைகள் பின்னாளில் மலடாகிவிடுவார்கள், நம் சமுதாயத்தைக் குறைப்பதற்கே இது என்றெல்லாம் யாரோ ஒருவர், பெயர் சொல்லாமல், ஆனால் அழுத்தந்திருத்தமாகப் பேசினார். பள்ளியிலிருந்து வந்த ஒப்புதல் கடிதத்தில் நாங்கள் கையெழுத்திடவில்லை. முகாம் நாளன்று மூத்தவனைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

அத்தோடு நின்றிருந்தால் அது ஒரு வீட்டின் தவறு. அந்த வாரம் பெண்கள் வகுப்பில் தாய்மார்கள் நம்மிடம் கருத்துக் கேட்டார்கள். ஐயத்திற்குரியதை விட்டுவிடுவதே பேணுதல் என்ற நபிமொழியின் கருத்தை எடுத்துக்காட்டி, "நாங்கள் போடவில்லை" என்று பதில் சொன்னோம். மார்க்கக் கல்வியில் பட்டயம் பெற்றவர், மத்ரசாவில் ஓதிக் கொடுப்பவர் சொன்ன சொல். அதை நம்பி ஏழு வீடுகளில் பிள்ளைகளுக்கு ஊசி போடவில்லை. ஏழு என்பது நமக்குத் தெரிந்த எண்ணிக்கை.

ஸூரத்துல் ஹுஜுராத்தில், கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு இடப்பட்ட கட்டளையை அதே ஆண்டு அதே மாணவியருக்கு நாம் பாடம் நடத்தியிருந்தோம். பெயரில்லாத ஒலிப்பதிவுக்கு அந்த ஆயத்தைப் பொருத்திப் பார்க்கவில்லை. ஊசிக்கு மட்டும் ஐயத்தின் ஹதீஸைப் பொருத்தினோம். எந்த நூலும் நமக்கு இதைக் கற்பிக்கவில்லை. நம் அச்சத்திற்கு ஏற்ற ஆதாரத்தைத் தேடி எடுத்தோம், அவ்வளவே.

மருத்துவரிடம் இதையெல்லாம் சொல்லியபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. சான்று இல்லாத ஊசியைப் போடாத ஊசியாகவே கொள்வதுதான் மருத்துவ வழக்கம், ஆகவே மூத்தவனுக்கு இரு தவணைகளையும் இப்போதே முறையாகப் போட்டுவிடலாம் என்றார். இரண்டுக்கும் இடையே குறைந்தது 28 நாட்கள் இடைவெளி வேண்டும். நம் நாட்டு அரசு அட்டவணையில் தட்டம்மையும் ரூபெல்லாவும் சேர்ந்த ஊசியே உண்டு. பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் ஊசியைச் சிங்கப்பூரில் போடுகிறார்கள். 2020 நவம்பர் முதல் சின்னம்மைத் தடுப்பூசியும் அங்கே குழந்தைகளுக்கான அட்டவணையில் உள்ளது. இங்கே அரசு அட்டவணையில் அது இல்லை. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் இத்தகைய இரு ஊசிகளை ஒரே நாளில் போட வேண்டும். தவறினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் ஒன்றை இன்றும் மற்றதை அடுத்த வாரமும் போட நினைத்திருந்தோம். இரண்டையும் அன்றே போட்டுக்கொண்டோம். மூத்தவன் வலது கையையும் இடது கையையும் மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. நம் தம்பி தொலைபேசியில், "ராத்தா, அதுல பன்றி ஜெலட்டின் இருக்குன்னு சொல்றாங்களே, நீங்களே போடலாமா?" என்றான். நியாயமான கேள்வி. சில நிறுவனங்களின் தயாரிப்பில் அது உண்டு, சிலவற்றில் இல்லை. எது கிடைக்கும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் இதைப் பற்றி மார்க்க அறிஞர்கள் சிந்திக்காமல் விட்டுவிடவில்லை. 1995-இல் குவைத்தில் மார்க்க அறிஞர்களும் மருத்துவ அறிஞர்களும் கூடி ஆராய்ந்தபோது, ஒரு பொருள் தன் இயல்பே மாறி வேறொன்றாகிவிட்டால் சட்டமும் மாறும் என்ற, ஃபிக்ஹில் இஸ்திஹாலா எனப்படும் விதியை ஜெலட்டினுக்கும் பொருத்தினார்கள். இதில் மாற்றுக் கருத்து கொண்டோரும் உண்டு. அவர்களிடமும் நிர்ப்பந்தம் பற்றிய விதி இருக்கிறது. தம்பிக்கு இன்னொன்றையும் நினைவூட்டினோம்: ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டுக்கொண்டு சான்றோடுதான் போகிறார்கள். வாப்பா ஹஜ்ஜுக்குப் போனபோது அந்த ஊசியைப் பற்றி நம் குடும்பத்தில் எவரும் பேசவில்லை.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்று, அங்கே கொள்ளைநோய் பரவியதை அறிந்து ஸர்ஃ என்னுமிடத்திலிருந்து திரும்பிய வரலாற்றை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அபூஉபைதா (ரலி) அவர்கள் விதியைப் பற்றிக் கேட்டதையும், விலகுவதும் அல்லாஹ்வின் விதியே என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்ததையும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தட்டம்மையையும் பெரியம்மையையும் பிரித்தறிந்து முதன்முதலாகத் தனி நூல் எழுதியவர் அர்ராஸீ என்னும் முஸ்லிம் மருத்துவர் என்பதையும் பெருமையோடு சொல்வோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பெருமை அது. சொல்வதற்குச் சுலபமாக இருந்தது.

28 நாள் இடைவெளியால் பயணம் தள்ளிப்போயிற்று. பிள்ளைகளின் வாப்பா முன்னதாகச் சென்றார்கள். நாங்கள் அனுப்பிய ஆவணங்களில் மகளுடையது மட்டும் ஒருமுறை திரும்பி வந்தது. பெயர் பொருந்தவில்லை என்ற காரணம்தான். மருத்துவரின் கடிதத்தை இணைக்க மறந்தது எங்கள் பிழை. மறுபடி அனுப்பிச் சரியாயிற்று. வளைகுடா நாடுகளில் பள்ளிச் சேர்க்கையின்போது இந்த அட்டையைக் கேட்கும் இடங்கள் உண்டு. குடும்பத்தோடு எந்த நாட்டுக்குப் புறப்படுவோரும், குறைந்தது இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே அட்டையை எடுத்து, பெயரையும் தேதியையும் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அசலைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். கைபேசியில் ஒரு படமும் இருக்கட்டும்.

காத்திருந்த அந்த நான்கு வாரங்களில் ஏழு வீடுகளுக்கும் சென்றோம். மூன்று வீடுகளில் பிள்ளைகளுக்குப் பின்னர் எப்போதோ ஊசி போட்டுவிட்டிருந்தார்கள். நம்மிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார்கள். இரண்டு வீடுகளில் உடனே போட ஒப்புக்கொண்டார்கள். ஒரு வீட்டில் குடும்பத் தலைவர் வாசலிலேயே, "அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க" என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

ஏழாவது வீட்டுக்குச் செல்லத்தான் கால் தயங்கிற்று. 2017-இல் பதின்மூன்று வயதாயிருந்த நம் மாணவியின் வீடு அது. இப்போது மணமாகி மூன்று மாதக் கர்ப்பிணி. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ரூபெல்லா தொற்றினால் கருவிலுள்ள குழந்தையின் கண்ணையும் செவியையும் இதயத்தையும் பாதிக்கக்கூடும். கர்ப்பிணிக்கு அந்த ஊசியைப் போடவும் கூடாது. அந்த ஊசியைப் பெண் பிள்ளைகளுக்கு முன்னரே போட்டுவைப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். அதைத்தான் அன்று மலடாக்கும் ஊசி என்று நம்பியிருந்தோம்.

விஷயத்தைச் சொல்லி, இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு, மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள் என்றோம். பிள்ளையின் உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க சொன்னீங்கன்னுதான் ஆலிமா அன்னைக்கு நிறுத்தினோம். இப்பவும் நீங்க சொல்றீங்கன்னுதான் போறோம்" என்றார்கள்.

ஐந்து நாள் கழித்து முடிவு வந்தது. அவளுக்கு ரூபெல்லாவுக்கு எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே இருந்தது. சிறு வயதில் லேசான காய்ச்சலாக வந்து, எவரும் அறியாமல் போயிருக்க வேண்டும் என்றாராம் மருத்துவர். அல்ஹம்துலில்லாஹ் என்று ஸஜ்தாவில் விழுந்தோம். நம்மால் அவள் காக்கப்படவில்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

மறுநாள் மூத்தவனுக்கு இரண்டாம் தவணை. செவிலியர் அட்டையின் காலிக் கட்டத்தில் தேதி எழுதப் போனார். மருத்துவர் தடுத்து, அது ஒன்றரை வயதுக்குரிய கட்டம், இதை அடியில் தனியாக எழுதுங்கள் என்றார். அப்படியே எழுதினார்கள். அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.