கவுனி தாண்டி ஏழுமலைக்கு

புரட்டாசி பிறந்துவிட்டால் யானைக்கவுனியில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "குடை என்றைக்குக் கவுனி தாண்டுகிறது?" பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் திருப்பதித் திருக்குடைகள், மாலை நான்கு மணியளவில் வால்டாக்ஸ் சாலை வழியாக வந்து எங்கள் யானைக்கவுனியைக் கடக்கும். அந்த இடத்தில் குடைகளின் நடை விரைவுபடும். "கோவிந்தா, கோவிந்தா" என்ற முழக்கம் ரயில் சத்தத்தையும் விழுங்கிவிடும். கல்யாணத்துக்குக் குபேரனிடம் கடன் பட்ட பெருமாள், கடன்காரன் கண்ணில் படாமல் கவுனியை விரைந்து கடக்கிறார் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வங்கியின் கடன் பிரிவிலேயே பாதி உத்தியோக காலத்தைக் கழித்த எனக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம்.

கவுனி என்றால் வாயில். பழைய கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர் எழுப்பிய மதிலின் மேற்கு வாயில்களில் இது ஒன்று. மதிலும் போயிற்று, வாயிலும் போயிற்று. மதிலுக்காக விதிக்க எண்ணிய வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையாக நிற்கிறது. வாயில் இருந்த இடத்துக்கு அப்பால் ரயில் பாதைகள். அவற்றின் மேல் 1933இல் கட்டிய பாலம். அது வலுவிழந்தபோது முதலில் கனரக வாகனங்களுக்கும், பிறகு எல்லா வாகனங்களுக்கும் மூடிவிட்டார்கள். கண்ணுக்கு எதிரே தெரியும் சூளைக்குப் போக பேசின் பாலத்தையோ சென்ட்ரலையோ சுற்ற வேண்டிய நிலை பல ஆண்டுகள் நீடித்தது. புதிய பாலத்தின் ஒரு பகுதியில் 2024 மார்ச்சில்தான் வண்டிகள் ஓடத் தொடங்கின. எங்கள் பயணக் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது.

என் அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். 1976இல், எனக்குப் பதினெட்டு வயதில், அவருடைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் பின்னால் என்னை உட்காரவைத்து யானைக்கவுனியிலிருந்து திருமலைக்கு அழைத்துச் சென்றார். மலைப்பாதை வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டதைச் சொல்லி இன்றும் சிரிப்பார். 2021 பிப்ரவரியில் அவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தது. அண்ணி ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து பெருமாள் படத்தின் முன் வைத்தார். அண்ணனோ மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே, "பிழைத்து எழுந்தால் அந்தக் காலம் மாதிரி வண்டியிலேயே ஏழுமலை ஏறி முடிப்பைச் செலுத்துகிறேன்" என்று வேண்டிக்கொண்டுவிட்டார். "பஸ்ஸில் போனால் ஆகாதா?" என்று அண்ணி கேட்டார். வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான் என்றார் அண்ணன். வண்டியை அண்ணன் மகன் ஓட்டுவது, அண்ணன் பின்னால் அமர்வது, நான் என் ஸ்கூட்டரில் தொடர்வது என்று ஏற்பாடாயிற்று. மருத்துவரும் சம்மதித்தார்.

திட்டம் வகுக்கும் பொறுப்பு என்னுடையது. பேரேடு எழுதிய கை. நாள், நேரம், தூரம், தங்குமிடம் எல்லாம் கட்டம் போட்டு எழுதினேன். 2021 கார்த்திகையில், நவம்பர் 20 சனிக்கிழமை புறப்படுவதாக முடிவு. அதற்கு இரண்டு நாள் முன்னர் திருப்பதியில் கொட்டிய மழையை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலைச்சாலைகளில் மண் சரிந்தது. அலிபிரி, ஸ்ரீவாரி மெட்டு ஆகிய இரு நடைபாதைகளும் அடைக்கப்பட்டன. ஸ்ரீவாரி மெட்டுப் பாதை பழுது பார்க்கப்பட்டு மீண்டும் திறக்க மறு ஆண்டு மே மாதம் ஆயிற்று. கீழேயும் தடைதான்: பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் அக்காலத்தில் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கிவிடும்.

நான் விடவில்லை. மலைச்சாலை திறந்த செய்தி வந்ததும் டிசம்பர் 2 வியாழன் என்று புதுக் கட்டம் போட்டேன். டிசம்பர் 1 காலையில் ஏறும் சாலையின் மேல் பெரும்பாறைகள் உருண்டு விழுந்து சாலையே உடைந்தது. இறங்கும் சாலையிலேயே ஏறுபவர்களையும் இறங்குபவர்களையும் மாற்றி மாற்றி விட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணன் தொலைக்காட்சியில் அந்தப் பாறைகளைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு விழாமல் இன்றைக்கு விழுந்ததே, அதைப் பார்" என்றார். நான் அதை அப்படிப் பார்க்கவேயில்லை.

அதன் பிறகு அவருக்குக் கண்புரைச் சிகிச்சை, பேத்தியின் திருமணம் என்று காலம் ஓடியது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற துயரச் செய்தி வந்தது. இருசக்கர வாகனங்களுக்கு மலைச்சாலையில் நேரக் கட்டுப்பாடு விதித்தார்கள். அந்த ஆண்டும் முடிப்பு படத்தின் முன்னேயே இருந்தது. அண்ணனுக்கு எழுபத்து மூன்றாகிவிட்டது. இன்னும் எத்தனை ஆண்டுகள் அவர் வண்டியில் உட்கார முடியும் என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

2024இல் பாலம் திறந்ததும் மறுபடி நோட்டைப் பிரித்தேன். ஆகஸ்ட் 12 முதல் செப்டம்பர் 30 வரை, வனவிலங்குகள் இனம் பெருக்கும் காலம் என்பதால், இரவு 9 முதல் காலை 6 வரை இருசக்கர வாகனங்களுக்கு மலைப்பாதை கிடையாது என்று தேவஸ்தானம் அறிவித்திருந்தது. பாதகமில்லை, பகலில் ஏறலாம். ஆனால் அண்ணனுக்குக் குடை போகும் நாட்களில் போய்க் கருட சேவை காண வேண்டும் என்று ஆசை. அக்டோபர் 2 அன்று குடை கவுனி தாண்டியது. பிரம்மோற்சவத்தில் கருட சேவை 8ஆம் தேதி. விசாரித்தால், கூட்டத்தை முன்னிட்டு 7ஆம் தேதி இரவு முதல் 9ஆம் தேதி காலை வரை இருசக்கர வாகனங்களுக்கு மலைச்சாலையில் தடை! வண்டியைக் கீழே விட்டுத் தேவஸ்தானம் சொல்லும் பஸ்ஸில் ஏறலாம். ஆனால் வேண்டுதல் நிறைவேறாது. அண்ணன் ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்தார். மறுநாள் காலை, "கருட சேவையை டி.வி.யில் சேவித்துக்கொள்கிறேன். முடிப்பு முக்கியம்" என்றார்.

அடுத்து அக்டோபர் 16 என்று குறித்தேன். 15ஆம் தேதி சென்னையில் பெய்த மழை தெரிந்ததே. 17ஆம் தேதி ஸ்ரீவாரி மெட்டையும் மூடினார்கள். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. நோட்டில் தேதிக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

மழை ஓய்ந்த அடுத்த வாரம் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். புதுப் பாலத்தில் ஏறும்போது அண்ணன் கைகூப்பினார். குடை போகும் திசையிலேயே சூளை, ஓட்டேரி, அயனாவரம், வில்லிவாக்கம் கடந்து ஆவடி வழியாகத் திருவள்ளூர். அங்கே வைத்திய வீரராகவப் பெருமாள் சயனத் திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் திருக்குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். அண்ணன் படியில் அமர்ந்து வெல்லம் முழுவதும் கரையும் வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. பிறகு திருத்தணி, நகரி, புத்தூர். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கிக் காலை நீட்டிக்கொண்டோம். ஏறத்தாழ 140 கிலோ மீட்டர்தான். இளைஞர்கள் மூன்றரை மணியில் போய்விடுவார்கள். எங்களுக்குப் பிற்பகல் ஆயிற்று. கீழ்த்திருப்பதியில் தங்கினோம்.

வயதான அன்பர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 300 ரூபாய் சிறப்பு தரிசனச் சீட்டைப் பல வாரங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டியிருப்பதால், வழி மூடினால் சீட்டும் வீணாகிறது. மழைக் காலத்தில் எங்களைப் போல் திட்டமிடுபவர்கள், கீழ்த்திருப்பதியில் ஆதார் காட்டிப் பெறும் இலவச நேரச்சீட்டை நம்புவது நல்லது. சற்றுக் காத்திருக்கத்தான் வேண்டும். மறுநாள் அதிகாலை நாங்களும் காத்திருந்துதான் பெற்றோம்.

காலை ஏழு மணிக்கு அலிபிரியில் சோதனை முடிந்து மலையேறினோம். முதல் மலைச்சாலை 1944இல் திறக்கப்பட்டது. விசுவேசுவரய்யா வகுத்த திட்டம் என்பார்கள். அதுவரை நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். இப்போது அது இறங்குவதற்கு. ஏறுவதற்கு 1974இல் போட்ட இரண்டாவது சாலை. 2021இல் பாறை விழுந்தது அந்தச் சாலையில்தான். ஓரிடத்தில் அண்ணன் மகன் வேகத்தைக் குறைத்து, "சித்தப்பா, மேலே பாருங்கள்" என்று கை காட்டினான். செங்குத்தாக நின்ற செம்பாறையின் இடுக்குகளில் மழைநீர் கசிந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு மனம் வரவில்லை. வளைவுகளில் இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. அண்ணன்தான் மூடிக்கொண்டார் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

தரிசனம் கிடைத்தது சில நொடிகள். உண்டியல் அருகே அண்ணன் மடியிலிருந்து முடிப்பை எடுத்தார். மூன்று ஆண்டு எட்டு மாதம் படத்தின் முன் இருந்த துணி. மஞ்சள் வெளுத்து, குங்குமம் படிந்து கிடந்தது. ஒரு முறை கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போட்டார்.

இறங்கும்போது நாற்பது நிமிடத்துக்குக் குறைவாக இறங்கினால் அபராதம் என்று ஒருவர் எச்சரித்தார். எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பும் வழியாகப் புத்தூரிலிருந்து நாகலாபுரம் பாதையைத் தேர்ந்தோம். கிருஷ்ணதேவராயர் தம் அன்னையின் பெயரால் அமைத்த ஊர். மச்சாவதாரப் பெருமாள் வேதநாராயணராகக் காட்சி தருகிறார். பங்குனியில் சூரியக் கதிர்கள் பெருமாளின் திருமேனியில் படும் சூரிய பூஜை இங்கே விசேஷம். ஊத்துக்கோட்டைக்குச் சற்று முன்னால் சுருட்டப்பள்ளியில், ஆலகாலம் உண்ட களைப்பில் அம்பிகையின் மடியில் தலை வைத்துப் பள்ளிகொண்ட ஈசரையும் வணங்கினோம்.

வீடு சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். பிரசாதத்தைக் கூட வாங்காமல், "முடிப்பு சேர்ந்ததா?" என்றார். அண்ணன் தலையசைத்தார். பிறகுதான் அண்ணி, "கால் வலிக்கிறதா?" என்று கேட்டுவிட்டு வெந்நீர் போட உள்ளே போனார்.