மார்கழிச் சாலையில் கொள்ளுச் செடி

பென்னாகரத்திலிருந்து பாப்பாரப்பட்டி வழியாகப் பாலக்கோடு போகும் சாலையை மார்கழி விடியலில் பார்க்க வேண்டும். இரவில் வானம் தெளிந்திருந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றின் ஈரம் பனிமூட்டமாக அப்படியே நிற்கும். ஏரிக்கரையிலும் பள்ளத்திலும் இன்னும் கனமாகக் கவிந்திருக்கும். பொழுது விடிந்தால் விலகிவிடும் என்று கிளம்புவோம். சில நாள் விடிந்த பிறகுதான் அது மேலும் அடர்கிறது.

குளிருக்கு ஜெர்கின் போதும். ஆனால் கையுறை இல்லாமல் பைக்கில் ஏறாதீர்கள். விறைத்த விரல் பிரேக்கைப் பிடிப்பதற்குள் வண்டி பல அடி ஓடிவிடும். டயர் காற்றையும் கிளம்பும்முன் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து டிகிரி குளிர்ந்தாலே ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. இறங்கிவிடும். ஹெல்மெட் கண்ணாடி மூச்சில் மங்கினால் ஒரு விரற்கடை திறந்து வைத்தால் தெளியும். ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். டிம் லைட்டில், இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடிதான் நான் ஓட்டினேன்.

வேகத்தைக் கண்தான் முடிவு செய்ய வேண்டும். அறுபதில் போகும் வண்டி ஒரு நொடியில் பதினேழு மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு, பிரேக் பிடித்து, வண்டி நிற்பதற்குள் நாற்பது மீட்டர் போய்விடும். முன்னே முப்பது மீட்டர்கூடத் தெரியாத இடத்தில் அறுபதில் போவது கண்ணை மூடிக்கொண்டு போவதுதான். நான் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டேன்.

தருமபுரி மாவட்டத்தில் பனிக்காலம் அறுவடைக் காலமும்கூட. பாலக்கோடு கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும்போது கரும்பு டிராக்டர்கள் இருட்டிலேயே கிளம்பிவிடும். டிரெய்லருக்கு வெளியே நீண்டு தொங்கும் கரும்பு, பின்விளக்கு இருந்தாலும் மறைத்துவிடும். பனிக்குள் முதலில் கேட்பது இன்ஜின் சத்தம். அதன் பிறகுதான் உருவம் தெரியும். அதனால் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு இங்கே ஓட்டக் கூடாது.

பாப்பாரப்பட்டிக்கு முன்னால் ஓரிடத்தில் சாலையின் பாதி அகலத்துக்குக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரட்டும் என்றுதான். பெரியவர் ஒருவர் கையில் கவையோடு நின்றிருந்தார். "மெதுவா வாப்பா, வழுக்கும்" என்று குரல் கொடுத்தார். இறங்கிக் கையால் செடியை விலக்கிப் பார்த்தேன். மேலே பனி நனைத்த தாள். அடியில் தார் மீது உதிர்ந்த கொள்ளு, சைக்கிள் பேரிங் குண்டுகள் மாதிரி உருண்டது. இதன்மேல் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி படுத்துவிடும். ஆக்சிலேட்டரை முன்பே குறைத்து, ஹேண்டிலை நேராகப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல் கடப்பது ஒன்றே வழி. ராகித் தாளுக்கும் இதே கதைதான்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் களம் ஏதும் இல்லையா என்று கேட்டேன். இருப்பது ஒன்றே ஒன்று, ஊருக்கே முறை வைத்துத்தான் கிடைக்கும் என்றார். ஊருக்கு ஊர் போதுமான உலர்களம் கட்டிக்கொடுத்தால் தாளும் சாலைக்கு வராது, பைக்கில் வருபவனும் விழ மாட்டான்.

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925-ல் மறைந்த ஊர் பாப்பாரப்பட்டி. அவர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு, பாலக்கோடு போய்வந்து, மறுநாள் சேலத்துக்குத் திரும்பினேன். வழியில் தொப்பூர் கணவாய். தருமபுரிப் பக்கமிருந்து இறங்கும்போது நீண்ட சரிவு; டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிக்குப் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இங்கே லாரி மோதி உயிர்கள் போயின. பனி இல்லாத பகலிலேயே பயப்பட வேண்டிய இறக்கம் இது. கணவாய்க்கு முன்னாலேயே ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணி வாக்கில் எதிர்ப்பக்கத்து மலை முழுதாகத் தெரிந்தது. மூன்றாவது கியரில், இடது ஓரமாக, பின்கண்ணாடியில் ஒரு கண் வைத்து இறங்கினேன்.