இழுக்காத கார்

கன நாளா இந்தப் பக்கம் வரேல்லை. காரணம் கார்தான்.

என்ர பழைய பெற்றோல் கார் இரண்டு கிழமையா இழுக்கேல்லை. குரோருட்டில திரொன்ஹெய்ம்ஸ்வெயன் ஏத்தத்தில மூண்டாம் கியருக்கு இறக்கினால்தான் ஏறும். விடியப்புறம் கிளீனிங் வேலைக்குப் போறது இதிலதான். வேலை போனால் வாடகையும் இல்லை, மாஸ்டர்சும் இல்லை.

எயார் ஃபில்டர், பிளக் மாத்தினன். பலனில்லை. ஒரு கராஜில, கற்றலிற்றிக் கொன்வேட்டர் அடைச்சிட்டுது, 9000 குரோணர் எண்டார்கள். பேசாமல் வந்திட்டன்.

கீழ்வீட்டு அண்ணை கேட்டார்: "தம்பி, நியூற்றலில மிதிச்சால் எஞ்சின் சுத்துதோ?"

நல்லாச் சுத்துது.

"அப்ப புகை போற வழி முழுசா அடைபட்டிருக்காது. இறக்கத்தில காலை எடுத்தால் உருளுதோ?"

யோசிச்சன். உருளேல்லை!

பிரேக் கனக்கப் பிடிக்காமல் ஒரு சுத்து ஓடிவந்து, சில்லுகளுக்குக் கிட்டக் கையைப் பிடிச்சம். மூண்டு சில்லு இளஞ்சூடு. பின் இடப்பக்கம் அடுப்பு மாதிரி! பனிக்கு வீதியில போடுற உப்பில பிரேக் கலிப்பர் துருவேறி, விடாமல் பிடிச்சபடி நிண்டிருக்கு. எஞ்சினில பிழையே இல்லை.

கழட்டி, துருவெடுத்து, பிரேக் கிரீஸ் பூசி, பின்னால இரண்டு பக்கமும் புதுப் பாட் போட்டம். 700 குரோணரோட முடிஞ்சுது.

"குளிருக்க ஹான்ட்பிரேக் போட்டு நிப்பாட்டாதை, இறுகிப்போகும். கியரில விட்டிட்டுப் போ" எண்டார் அண்ணை. காசு வாங்கேல்லை, தேத்தண்ணி மட்டும்.

உங்கட கார் இழுக்காட்டி, பெரிய செலவுக்கு முதல் சில்லின்ர சூட்டைப் பாருங்கோ. தொட்டிடாதேங்கோ, சுடும்!