கண்ணிற் படலம்

அனாதியே ஆணவ இருளில் அழுந்திக் கிடந்த உயிர்களின்மேல் வைத்த பெருங்கருணையினாலே சிவபெருமான் தனு, கரண, புவன, போகங்களைக் கூட்டுவித்தருளினார் என்பது சைவசித்தாந்தத் துணிபு. அங்ஙனம் அருளப்பட்ட பொறிகளுள் கண் தலைசிறந்தது. திருக்கோயிலிற் சென்று இறைவன் திருவுருவைத் தரிசித்தற்கும், திருமுறைகளையும் சாத்திரங்களையும் ஓதுதற்கும் உரிய வாயில் அதுவேயாம். ஆதலின் கண்ணைப் பேணுதல் உடலின்மேல் வைத்த ஆசை அன்று. உடையவன் தந்த பொருளை அவன் குறிப்பறிந்து காத்தலே என்க. இவ்வுண்மையை நன்கு கற்றிருந்தும் தம்மளவிற் பொருத்தி நோக்காதிருந்த முதிய புலவர் ஒருவரின் வரலாறு அன்பர்களுக்குப் பயன்படுமாதலின் ஈண்டு உரைக்கப்படுகின்றது.

அவர் காவிரிக்கரையிலுள்ள ஒரு திருமடத்தில் இளமையிற் பாடங்கேட்டவர். மெய்கண்ட சாத்திரங்களையும் பெரியபுராணத்தையும் நாற்பதாண்டு பிறர்க்குக் கற்பித்தவர். ஆணவ மலத்தின் இயல்பை விளக்குங்கால் அவர் தவறாது எடுத்துக்காட்டும் உவமை கண்ணிற் படலம். "மலம் என்பது வெறும் அறியாமை அன்று, அறிவை மறைப்பதொரு பொருள். கயிற்றைப் பாம்பென மயங்கினவனுக்கு, 'இது கயிறு' என்னும் அறிவு வந்த அளவிலே மயக்கம் நீங்கும். கண்ணிற் படலம் உடையவனோ, 'இது படலம்' என்று அறிந்த அளவிலே காண்பானல்லன். மருத்துவன் கருவிகொண்டு நீக்கினாலன்றி அது நீங்காது. அவ்வாறே மலமும் சிவனது செயலாகிய தீக்கையாலன்றி நீங்காது" என்பார். அறிவொன்றினாலேயே வீடு கூடும் என்பாரை மறுத்தற்குச் சிவாகமங்களுக்கு உரைகண்ட பழைய ஆசிரியர்கள் ஆண்ட உவமை இது.

இங்ஙனம் கற்பித்தவர்க்கே அறுபதாம் அகவையின்பின் பார்வை மங்கத் தொடங்கிற்று. விளக்கொளி புகைபடிந்தாற்போலத் தோன்றிற்று. எழுத்துக்கள் ஒன்றோடொன்று கலந்தன. இடப்பக்கத்துத் தூண்களில் தோள் இடித்துக்கொள்வதும் வழக்கமாயிற்று. இல்லத்தார் மருத்துவரிடம் செல்லுமாறு வேண்டியபொழுதெல்லாம், "பிராரத்தம் நுகர்ந்தே கழிதல் வேண்டும்" என்று மறுத்துவிட்டார். பாட்டுக்கள் யாவும் நெஞ்சிற் பதிந்திருந்தமையின் நூலைத் திறந்துவைத்துப் படிப்பவர்போலவே பாடஞ் சொல்லிவந்தார். ஐந்தாண்டுகள் இவ்வாறு சென்றன.

கண்ணப்பநாயனார் குருபூசை நாளாகிய தை மிருகசீரிடத்தன்று அவர் கோயில் மண்டபத்தில் அந்நாயனார் புராணத்தை விரித்துரைத்தார். அருகிலிருந்து பக்கம் புரட்டும் இளைய மாணாக்கர், அன்று விரைவில் வேறொரு புராணத்தைத் திறந்து வைத்துவிட்டார். புலவரோ அப்பக்கத்தை நோக்கியபடியே கண்ணப்பர் புராணப் பாட்டுக்களைப் பிழையின்றிச் சொல்லிச் சென்றார். மாணாக்கர் திடுக்கிட்டார், ஆயினும் அவையில் ஒன்றும் கூறாது, கூட்டம் கலைந்தபின் அணுகினார்.

"ஐயா, ஓர் ஐயம். பெருமான் திருக்கண்ணிற் குருதி கண்டவுடனே திண்ணனார் தம் கண்ணை இடந்து அப்பினாரா?"

"இல்லை, தம்பி. ஊறு செய்தார் யாவரென்று முதலில் தேடினார். காணாராகி, வேடர் புண்ணுக்கு இடும் பச்சிலைகளைக் காட்டிற் பறித்துவந்து பிழிந்து வார்த்தார். அதனாலும் குருதி நில்லாமையின் அன்றோ தம் கண்ணை இடந்தார்?"

"அன்பே உருவானவரும் முதற்கண் மருந்தைத் தேடினாரே, ஐயா தேடாதிருப்பது ஏன்? அடியேனைப் பொறுத்தருள வேண்டும். இன்று ஐயா முன் திறந்திருந்தது கண்ணப்பர் புராணம் அன்று."

புலவர் நெடுநேரம் வாய்பேசாதிருந்தார். கொங்குநாட்டில் அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தியபொழுது, இது வினைப்பயன் என்று சொல்லி உய்யும் வழி நாடாதிருத்தல் குறையே என்று திருஞானசம்பந்தர் இடித்துரைத்து, திருநீலகண்டப் பதிகம் அருளிய வரலாறு அவர் நினைவிற்கு வந்தது. அதனைப் பன்முறை கற்பித்தவர் அவரே. மறுநாளே மகளுடன் கண் மருத்துவமனைக்குப் புறப்பட்டார்.

ஆங்கு ஆராய்ந்த மருத்துவ அம்மையார் இரு கண்ணிலும் இருவேறு நோய் முதன்மையாய் இருத்தலைக் கண்டார். வலக்கண்ணில் இருந்தது புரை. கண்ணினுள்ளே பளிங்குபோல் தெளிந்திருக்க வேண்டிய வில்லை முதுமையினால் வெண்மையுற்று ஒளியை மறைப்பதே புரை. முன்னோர் படலம் என்றதும் இதனையே. சுசுருதர் காலந்தொட்டு, கருவியால் இவ்வில்லையை ஒளி செல்லும் வழியினின்றும் விலக்குதல் இந்நாட்டில் வழங்கிவந்தது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோசி மன்னர் கண்ணோயாளர்களைப் பற்றி எழுதுவித்த, படங்களோடு கூடிய குறிப்புக்கள் சரசுவதி மகாலில் உள்ளன. சென்னையில் 1819இலேயே கண்ணுக்கெனத் தனி மருத்துவமனை தோன்றிற்று. நீக்கிய வில்லைக்கு ஈடாகச் செயற்கை வில்லை பொருத்தும் முறையை 1949இல் இலண்டனில் அரோல்டு ரிட்லி தொடங்கினார். மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளோடு மருத்துவர் கோ. வெங்கடசாமி நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை ஏழைகளுக்கும் இச்சிகிச்சை எட்டுமாறு செய்தது. அதனைச் சார்ந்த அரோலேப் 1992 முதல் குறைந்த விலையில் வில்லைகளைச் செய்து வருகின்றது. பெரும்பாலார்க்கு இச்சிகிச்சை சிறிது பொழுதில் முடிந்து, அன்றே இல்லம் திரும்பவும் கூடும்.

புலவரின் வலக்கண் புரை நீங்கித் தெளிவுற்றது. இடக்கண்ணோ அவ்வாறு ஆகவில்லை. அதனைப் பற்றியிருந்தது குளுக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய். கண்ணினுள் சுரக்கும் நீர் செவ்வனே வெளியேறாமையின் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு நைந்துபோவது அதன் இயல்பு. பெரும்பாலும் வலி இல்லை. பார்வை ஓரத்தினின்றும் சிறிது சிறிதாகச் சுருங்குவதால் நோயுற்றவர் அறிவதுமில்லை. புரையால் மறைந்த பார்வை மீளும். இந்நோயால் இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைச் சொட்டுமருந்து முதலியவற்றாற் காக்கலாம், அவ்வளவே. "சில ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் இக்கண்ணையும் காத்திருக்கலாம், ஐயா" என்று அம்மையார் வருந்திக் கூறினார்.

அன்பர் ஒருவர் ஆறுதல் கூறுவாராய், "சுந்தரமூர்த்தி சுவாமிகளும் கண் இழந்தாரல்லரோ? காஞ்சியில் ஒன்றும் திருவாரூரில் ஒன்றுமாகப் பெறவில்லையா?" என்றார். புலவர் தலையசைத்து, "அவர் இழந்தது சூளுறவு தப்பியதனால், பெற்றது திருவருளால். யான் இழந்தது சோம்பலால். அச்சோம்பலுக்குப் பிராரத்தம் என்று பெயரிட்டேன். அவரோடு என்னை ஒப்பிடாதீர்" என்றார்.

அற்றேல், இறைவன் திருவருளே போதாதோ, மருத்துவர் எற்றுக்கு எனின், புள்ளிருக்குவேளூரில் வைத்தியநாதனாய் எழுந்தருளியிருக்கும் பெருமான், அங்கே திருச்சாந்துருண்டை என்னும் மருந்து வாயிலாகவும் அருள்புரிகின்றான் அன்றோ? ஆசிரியன் திருமேனியை இடமாகக் கொண்டு மலத்தை நீக்கும் இறைவன், மருத்துவன் கையை இடமாகக் கொண்டு படலத்தை நீக்குதல் வியப்பன்று.

ஆதலின் நாற்பது அகவை கடந்தார் யாவரும், பார்வை தெளிவாயிருப்பினும், கண்ணழுத்தத்தையும் பார்வை நரம்பையும் மருத்துவரிடம் ஆராய்வித்துக்கொள்க. குடியில் ஒருவர்க்குக் கண்ணழுத்த நோய் இருப்பின் அவர்தம் மக்களும் உடன்பிறந்தாரும் இதனைத் தவிராது செய்க. நீரிழிவுடையார் விழித்திரையை ஆண்டுதோறும் ஆராய்வித்தல் கடன். அந்நோய் விழித்திரையின் நுண்குழாய்களைக் கெடுப்பதும் தொடக்கத்தில் தோன்றாது. பிறர் சொற்கேட்டுப் பாலும் இலைச்சாறும் கண்ணில் வார்த்தலும், மருத்துவர் சொல்லாத சொட்டுமருந்தைத் தாமே வாங்கி நெடுநாள் இடுதலும் தீங்கு பயக்கும்.

புலவர் இன்று ஒரு கண்ணால் ஓதி வருகின்றார். அக்கண்ணிலும் அழுத்தம் மிகாதிருத்தற்பொருட்டு இரவு தவறாது மருந்து இட்டுக்கொள்கின்றார். பாடத்தில் படலத்தின் உவமை வருந்தோறும் நூலை மூடிவைத்து, முதிய மாணாக்கர்களை நோக்கி, கண்ணை ஆராய்வித்து எத்துணைக் காலமாயிற்று என்று வினவுகின்றார். விடை கூறாதார்க்கு அன்று பாடம் மேற்செல்வதில்லை.

திருச்சிற்றம்பலம்.