கறுத்த காசு

எங்கள் வீட்டுக்கு வருகிற பெண்மணிகள் எல்லாவற்றையும் பாராட்டுவார்கள். குத்துவிளக்கு என்னமாய்ப் பளபளக்கிறது என்பார்கள். காப்பி டபராவில் முகம் பார்க்கலாம் என்பார்கள். பிறகு கூடத்துக் கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்புவார்கள். அதில் வெள்ளைத் துணி விரித்து நான் அடுக்கி வைத்திருக்கும் பழைய வெள்ளி ரூபாய்களைப் பார்த்ததும் அவர்கள் முகம் சுருங்கிவிடும்.

"ஏன் மாமி, இதை மட்டும் தேய்க்காமல் விட்டுவிட்டீர்கள்? கொஞ்சம் புளி போட்டால் பளிச்சென்று ஆகிவிடுமே!"

"ஆகிவிடும். அதுதான் எனக்குப் பயம்" என்பேன்.

மாமிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். போகட்டும். அந்தக் கறுப்பை நான் ஏன் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கதை என்ன, குற்றம் என்றே சொல்லலாம். குற்றவாளி நான்தான்.

1981ஆம் வருஷம் எனக்குக் கல்யாணமாயிற்று. புக்ககத்தில் முதல் வரலக்ஷ்மி நோன்பு வந்தது. முதல் நாள் மாலை என் மாமியார் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவது வழக்கம். கலசத்தில் போடுகிற வெள்ளி ரூபாய்கள் ஒரு பித்தளைச் சம்புடத்தில் இருந்தன. திறந்து பார்த்தேன். மொத்தம் பதினொன்று. ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று மழைமேகம் மாதிரி நீலம் ஓடிய சாம்பல். பாவம், அத்தைக்குத் தேய்க்க நேரமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். புது மருமகள் நல்ல பெயர் வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும்?

புளியில் ஊறப் போட்டேன். விபூதியால் தேய்த்தேன். போதாதென்று பல்பொடியும் போட்டேன். கை சிவந்துவிட்டது. ஆனால் தட்டிலே பதினொரு பௌர்ணமி நிலா!

அத்தை வந்தார். தட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விக்டோரியா ராணி தலை போட்டவை அதில் ஐந்து. அந்த ஐந்தை மட்டும் கண்ணருகில் கொண்டுபோய் மறுபடி மறுபடி பார்த்தார்.

"இதில் எது அம்மா, என் அப்பா கொடுத்தது?" என்று என்னையே கேட்டார்.

1952இல் அத்தை கல்யாணமாகிப் புக்ககம் புறப்பட்டபோது, ரெயில் நிலையத்தில் அவருடைய அப்பா ஒரு ராணி ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து கையில் வைத்து அழுத்தினாராம். "இது கடையில் செல்லாது. ஆனாலும் வெள்ளி. கஷ்டம் வந்தால் விற்றுக்கொள்" என்றாராம். அடுத்த வருஷமே அவர் போய்விட்டார். அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. கஷ்டம் பலமுறை வந்தது. அத்தை அந்தக் காசை விற்கவில்லை. துணியில் கிடந்து கிடந்து அது தேன் நிறமாகியிருந்ததாம். அத்தைக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. வருஷத்தையும் படித்ததில்லை. நிறந்தான் அவருக்கு எழுத்து. நான் அந்த எழுத்தை அழித்துவிட்டேன்.

"போகிறது, விடு. உனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லி எழுந்து போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாய் இருந்திருக்கும்.

என் கணவருடைய சித்தப்பா தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழங்காசு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. நடந்ததைச் சொல்லி அழுதேன்.

"அது அழுக்கில்லை அம்மா" என்றார் அவர். "காற்றிலே கந்தக ஆவி கொஞ்சம் கலந்திருக்கிறது. அது வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். முதலில் இளமஞ்சள், பிறகு பொன்பழுப்பு, சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. சோப்புக் குமிழியில் வானவில் தெரிகிறதே, அதே வித்தைதான். அந்தப் படலத்தில் காசின் வெள்ளியும் இருக்கிறது. தேய்த்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்."

அன்று முதல் அவருக்கு நான் சிஷ்யை. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வருஷத்துக்கு ஒரு காசு வாங்குவேன். விலை உயர்ந்த அபூர்வக் காசு எதுவும் வேண்டாம். பார்க்க அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1835 முதல் வெள்ளி ரூபாய்க்கு ஒரே எடை, 180 கிரெயின். இன்றைய கணக்கில் சுமார் 11.66 கிராம். பாட்டிமார்கள் மருந்துக்கு "ஒரு ரூபாய் எடை ஓமம்" என்று சொல்வது இந்த எடையைத்தான். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. 1940இல் வெள்ளி பாதியாயிற்று. 1947இல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது.

ராணி காசு 1840 முதல் 'குவீன்' என்றும், 1877 முதல் 'எம்ப்ரஸ்' என்றும் இருக்கும். எட்வர்ட் மன்னர் கிரீடமில்லாமல் வெறுந்தலையோடு இருப்பார். 1911இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் காசில் ஒரு வேடிக்கை உண்டு. மன்னரின் மார்பு அணியில் பொறித்த சின்ன யானைக்குத் துதிக்கை குட்டையாகிவிட்டது. இது யானையா, பன்றியா என்று ஜனங்கள் முணுமுணுக்க, காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 1912இல் துதிக்கையை நீட்டி வெளியிட்டார்கள். சித்தப்பா தம் கடைசிக் காலத்தில் அந்தப் 'பன்றி ரூபாய்' ஒன்றை எனக்குத் தந்துவிட்டுப் போனார். ஓரத்தில் மயில் கழுத்து நீலம்!

நீங்களும் வாங்குவதாயிருந்தால் ஒன்று சொல்கிறேன். கந்தகமும் சூடும் காட்டி அவசரமாய் நிறமேற்றின காசுகளும் சந்தையில் உண்டு. தானாக முதிர்ந்த காசில், கை பட்டுத் தேய்ந்த கன்னமும் மூக்கும் வெளுத்திருக்கும். கூந்தல் மடிப்பிலும் எழுத்துகளின் இடுக்கிலும் நிழல் தங்கியிருக்கும். எல்லா இடமும் ஒரே சீராய்க் கண்ணைப் பறித்தால் சந்தேகப்படுங்கள். காசை விளிம்பில் பிடியுங்கள். விரல் வியர்வைகூட கறையாகிவிடும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். அதில் கந்தகம் உண்டு. தூசி இருந்தால் தண்ணீரில் அலசி மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்க மட்டும் வேண்டாம்.

அந்தப் பதினொன்றையும் மறுபடி சம்புடத்திலேயே வைத்தோம். வருஷந்தோறும் கலசத்திலிருந்து எடுத்துத் துடைக்கும்போது பார்ப்பேன். பல வருஷம் வெள்ளை வெளேரென்று என்னை முறைத்துக்கொண்டிருந்தன. பிறகு ஓரங்களில் லேசாக மஞ்சள் தட்டியது.

2013ஆம் வருஷ நோன்பு. அத்தைக்குக் கண் மங்கியிருந்தது. மடியில் காசுகளைக் கொட்டிக்கொண்டு தடவிக்கொண்டிருந்தவர், ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பைச் சுற்றித் தேன் நிறம் ஓடியிருந்தது.

"இதுதான் அப்பா காசு" என்றார். "திரும்பி வந்துவிட்டது, பார்."

அதுதானா என்று நான் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக நெஞ்சில் இருந்த முள் அன்றுதான் கழன்றது. அந்தக் காசு இப்போது அலமாரியில் இல்லை. மஞ்சள் துணியில் முடிந்து என் பெட்டிக்குள் இருக்கிறது. அடுத்த வருஷம் நோன்புக்கு அத்தை இல்லை.

போன வருஷ நோன்புக்கு முதல் நாள், சமையலறையிலிருந்து புளி கரைக்கும் வாசனை வந்தது. ரசத்துக்குத்தானே என்று சும்மா இருந்தேன். அடுத்த நிமிஷம் பித்தளைச் சம்புடம் திறக்கிற சத்தம் கேட்டது. புது மருமகள்!

முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஓடினேன்.