வழுக்கும் ஸ்டியரிங் உறையும் நம் அமானிதமும்



வாகனத்தில் ஏறி அமர்ந்ததும் ஓத வேண்டிய துஆவை நம் பிள்ளைகள் மக்தபில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே மனனம் செய்துவிடுகின்றனர். அல்குர்ஆனின் 43ஆம் அத்தியாயமான அஸ்ஸுக்ருஃபில், 13, 14ஆம் வசனங்களில் இடம்பெறும் துஆ அது. நாம் ஏறிச் செல்லும் வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ்வே என்பதையும், அவனிடமே நாம் திரும்பிச் செல்லவிருக்கிறோம் என்பதையும் அந்த துஆ நமக்கு நினைவூட்டுகிறது. வசப்படுத்தித் தரப்பட்ட அந்த வாகனத்தைக் கைக்குள் வைத்திருக்க அக்காலத்தவர்க்குக் கடிவாளம் இருந்தது. நமக்கு ஸ்டியரிங் இருக்கிறது. அந்த ஸ்டியரிங்கின் மேல் நாம் மாட்டிவைக்கும் உறையைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன். இதில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். கட்டுரையை முடிக்கும்போது அவ்வாறு எண்ணமாட்டார்கள் என நம்புகிறேன்.

நான் வசிக்கும் சிங்கவரம், செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர். குன்றைக் குடைந்து அமைத்த பழமையான அரங்கநாதர் கோயிலுக்காக வெளியூர் மக்களும், கோட்டையைக் காண வருவோரும் இச்சாலைகளில் நிறையப் பயணிக்கின்றனர். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோட்டைக்குள் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் உண்டு, அரச காலத்துக் குதிரை லாயமும் உண்டு. 1714இல் போர்க்களத்தில் மாண்ட தேசிங்கு மன்னரின் கதையை இப்பகுதி மக்கள் சொல்லும்போது, அவருடைய குதிரையையும் முஸ்லிம் நண்பரையும் சேர்த்தே சொல்வது வழக்கம். குதிரை எவ்வளவு நல்லதாயினும், அதன் வயிற்றைச் சுற்றிக் கட்டும் சேணப்பட்டி தளர்ந்திருந்தால் வீரன் சேணத்தோடு சரிந்து விழுவான். தளர்ந்த ஸ்டியரிங் உறையும் அந்தச் சேணப்பட்டியைப் போன்றதே. கை திரும்பும், உறையும் திரும்பும். சக்கரம் மட்டும் கை திரும்பிய அளவுக்குத் திரும்பாது.

எங்கள் மக்தபுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பழைய வேனில் இதைக் கண்ணாரக் கண்டோம். ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் நன்மையை நாடி அந்த வேனுக்குப் புதிய ஸ்டியரிங் உறை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். பளபளப்பான கறுப்பு நிறம், பார்வைக்கு அழகு. சித்திரை மாத வெயிலில் இரண்டு வாரம் ஓடியதும் உறை தளர்ந்துவிட்டது. ஒருநாள் மாலை ஏரிக்கரைத் திருப்பத்தில் ஓட்டுநர் வளைத்தபோது உறை கையோடு சுழல, வேன் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. உள்ளே பதினோரு பிள்ளைகள் இருந்தனர். அல்ஹம்து லில்லாஹ், ஒருவருக்கும் சிறு கீறல்கூட இல்லை. எதிரே லாரி வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைப் பெற்றோர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அதன் பிறகு எழுந்த கேள்வி உறையைப் பற்றியது அன்று. உறையைக் கொடுத்தவரைப் பற்றியது. ஹதியாவாகக் கொடுத்த பொருளைக் கழற்றிப் போட்டால் அவருடைய மனம் நோகுமே என்று ஓட்டுநர் தயங்கினார். “ஹஜ்ரத், அவங்க ஆசையா வாங்கிக் குடுத்தது. எப்படிச் சொல்றது?” என்று என்னிடம் கேட்டார். மார்க்கம் என்பதே நன்மையை நாடுதல் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பிள்ளைகளின் உயிர் அமானிதமாக நம்மிடம் இருக்கும்போது, ஒருவர் மனம் நோகாதிருப்பதற்காக வாய்மூடி இருப்பது நன்மையை நாடுதல் ஆகாது. அந்தச் சகோதரரை அழைத்து, வேனில் அமரச் செய்து, உறையைத் திருகிப் பார்க்கச் சொன்னோம். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே அதைக் கழற்றினார்.

பின்னர் செஞ்சியில் வாகன இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஒருவரிடம் சென்றோம். “பாய், அளவு எடுக்காம சட்டை வாங்குவீங்களா? இதுக்கு மட்டும் ஏன் எடுக்கல?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவரிடமிருந்து கற்றதையும், நாங்களே செய்து பார்த்ததையும் கீழே தருகிறேன்.

முதலில் அளவு. நழுவி மாட்டும் வகை உறையைப் பிடித்துவைப்பது பசையோ ஆணியோ அல்ல. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தின் இறுக்கம் ஒன்றே. எனவே உறையின் அளவு சக்கரத்தின் அளவோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு நூலை ஸ்டியரிங்கின் வெளி விளிம்பைச் சுற்றி ஒருமுறை வைத்து, அந்த நீளத்தை இன்ச் டேப்பில் அளந்து, 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு கிடைக்கும். நூல் 119 சென்டிமீட்டர் வந்தால் குறுக்களவு ஏறத்தாழ 38 சென்டிமீட்டர், அதாவது 15 அங்குலம். கார்களில் பெரும்பாலும் காணப்படும் அளவு இதுவே. எனினும் சிறிய வண்டிகளில் இதைவிடக் குறைவாகவும், வேன்களில் கூடுதலாகவும் இருக்கும். குறுக்களவில் ஒரே ஒரு சென்டிமீட்டர் பெரிய உறையை வாங்கினால், சுற்றளவில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தொளதொளப்பு வந்துவிடும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்ற சொல்லை நம்பி வாங்கலாகாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அடுத்தது வெப்பம். வெயிலில் கதவடைத்து நிறுத்திய காரினுள் ஒரு மணி நேரத்தில் வெளி வெப்பத்தைவிட ஏறத்தாழ 20 டிகிரி கூடிவிடுகிறது. செஞ்சியின் பாறைக் குன்றுகள் நடுவே கோடை எப்படி இருக்கும் என்பதை இப்பகுதியினர் அறிவர். மலிவான ரெக்சினும் ரப்பர் வளையமும் அந்தச் சூட்டில் இளகி, நாளடைவில் இறுக்கத்தை இழக்கின்றன. வண்டியை நிழலில் நிறுத்துவதும், அதற்கு வழியில்லையேல் ஸ்டியரிங்கின் மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்திவைப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

மூன்றாவது எண்ணெய்ப் பிசுக்கு. உறை பொருத்தமாக இருந்தும் கை வழுக்குகிறது என்றால் காரணம் இதுவாகவே இருக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கை, வியர்வை, டாஷ்போர்டுக்குப் பூசும் பாலீஷ் ஆகிய அனைத்தும் உறையில் படிகின்றன. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஜும்ஆவுக்குப் புறப்படும்போது உள்ளங்கையில் அத்தர் தேய்த்துக்கொண்டு உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறோம். அத்தர் எண்ணெய் கலந்தது. வீட்டிலேயே ஒளூச் செய்துவிட்டு ஈரக் கையோடு வண்டியை எடுப்போரும் உண்டு. அத்தரைப் புறங்கையிலும் ஆடையிலும் பூசிக்கொள்ளலாம். ஈரக் கையைத் துடைக்க ஒரு பருத்திக் கைக்குட்டையைக் கதவின் பையில் வைத்திருக்கலாம்.

இனி, கையில் இருக்கும் உறையைக் குறைந்த செலவில் சரிசெய்யும் முறை. உறையைக் கழற்றி, மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சக்கரத்தையும் உறையின் உட்புறத்தையும் துடைக்க வேண்டும். பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, நன்கு காயவிட வேண்டும். சில உறைகள் இதனாலேயே பிடிப்புக்குத் திரும்பிவிடும்.

கொஞ்சம் மட்டும் தளர்ந்திருந்தால், சைக்கிள் கடையில் வீணாகக் கிடக்கும் பழைய டியூபைக் கேட்டு வாங்கி, கழுவி உலர்த்தி, இரண்டு விரல் அகலமுள்ள நீண்ட பட்டைகளாக வெட்டிக்கொள்ளலாம். அதைச் சக்கரத்தின் மேல் சற்று இழுத்துப் பிடித்தவாறு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றி, முனைகளை நூலால் கட்டி, அதன் மேல் உறையை மாட்டினால் ரப்பரும் ரப்பரும் கவ்விக்கொள்ளும். மாட்டுவதற்கு முன் உறையைக் கால் மணி நேரம் வெயிலில் வைத்தால் இளகிக்கொடுக்கும். மேற்புறத்தில் தொடங்கி, ஒருவர் அங்கே பிடித்துக்கொள்ள, மற்றவர் இருபுறமும் ஒரே சமமாகக் கீழ்நோக்கி இழுத்து மாட்டுவது எளிது.

தொளதொளப்பு இதற்கும் அடங்காவிட்டால் அந்த உறையோடு போராடுவதில் பயனில்லை. கடைக்காரரிடம் கொடுத்துச் சரியான அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லையேல் ஊசிநூலால் தைத்துப் பூட்டும் வகை உறைக்கு மாறலாம். எங்கள் வேனுக்கு இரண்டாவதையே செய்தோம். விளிம்பில் துளைகளிட்ட சொரசொரப்பான ரெக்சின் உறையும், மெழுகேற்றிய நூலும் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இணைப்பு கீழ்ப்பகுதியில் வருமாறு உறையைச் சுற்றிவைத்து, சக்கரத்தின் ஒரு கம்பியருகே தொடங்கி, ஒவ்வொரு தையலையும் ஒரே இறுக்கத்தில் இழுத்து, முடிச்சை உட்புறமாக மறைத்துவிட வேண்டும். பொறுமை இருந்தால் ஒன்றரை மணி நேர வேலை. முதல் உறையை வாங்கிக் கொடுத்த அதே சகோதரர் அஸருக்குப் பின் அமர்ந்து மஃரிபுக்குள் தைத்து முடித்தார். நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே செப்பனிட்டு, தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தன் கையால் ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது நமக்குச் சிறுமை அன்று.

செய்யக்கூடாதவையும் உண்டு. உறையை ஒட்டவைக்கப் பசையோ ரப்பர் சொல்யூஷனோ பூசக்கூடாது. அது சக்கரத்தின் மேற்பரப்பைக் கெடுப்பதோடு, சூட்டில் இளகி மேலும் வழுக்கும். கம்பியால் இறுக்கிக் கட்டினால் அது கையைக் கிழிக்கும். சக்கரத்தின் நடுப்பகுதியை எந்த உறையாலும் மூடலாகாது. ஹாரன் அங்கே இருப்பது மட்டும் காரணமன்று. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயம். அது விரிவதும் அந்த நடுப்பகுதியிலிருந்துதான்.

எல்லாம் செய்த பின் ஒரு சோதனை. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை மெல்ல ஒரு பக்கம் திருப்பினால் பெரும்பாலான வண்டிகளில் அது பூட்டிக்கொள்ளும். அந்நிலையில் இரு கைகளாலும் உறையை மட்டும் திருகிப் பாருங்கள். ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் அந்த உறை சாலைக்கு ஏற்றதன்று. அதன் பிறகு ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக இருபுறமும் முழுமையாக வளைத்துப் பார்க்க வேண்டும். இச்சோதனையில் தேறாத உறையைத் தயங்காமல் கழற்றிவிடலாம். உறையில்லாத ஸ்டியரிங்கினால் கேடு எதுவும் இல்லை. பிடிப்பதற்கு ஏற்றவாறுதான் அதைச் செய்திருக்கிறார்கள். அழகுக்காக மாட்டியதால் ஆபத்து வருமானால், அந்த அழகு நமக்கு வேண்டாம்.

சிக்கனம் பற்றியும் ஒரு சொல். வீண்விரயம் செய்வோரை அல்குர்ஆன் 17ஆம் அத்தியாயத்தில் கண்டிக்கிறது. விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலையில் செலவிடுவோரை 25ஆம் அத்தியாயத்தில் புகழ்கிறது. அளவு பாராமல் மலிவானதை வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எறிவது சிக்கனம் ஆகாது. விற்போருக்கும் இதில் பங்கு உண்டு. அளவையில் குறைசெய்வோரை எச்சரிக்கும் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதுகிறோம். வாகன உதிரிப்பொருள் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள், வண்டி எது, அளவு என்ன என்று கேட்டு விற்பதும், பொருந்தாது என்றால் பொருந்தாது என்று சொல்வதும் அவர்களுடைய வருமானத்தில் பரக்கத்தைச் சேர்க்கும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனைச் சார்ந்திருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் உள்ளது; தவக்குலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதை நாம் எடுத்துரைக்கிறோம். நம் காலத்தில் அந்தக் கயிற்றின் இடத்தில் டயரின் காற்று, பிரேக், சீட் பெல்ட், ஸ்டியரிங் உறை ஆகியவை இருக்கின்றன. வரும் வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வண்டியில் ஏறும் முன், உங்கள் வீட்டு வண்டியின் உறையை ஒருமுறை திருகிப் பாருங்கள். பள்ளிக்கும் மதரஸாவுக்கும் உங்கள் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் ஆட்டோ, வேன் ஓட்டும் சகோதரர்களிடமும் கனிவாக இதை எடுத்துச் சொல்லுங்கள். சாலையில் செல்லும் அனைவரையும், எந்தச் சமயத்தவராயினும், அல்லாஹ் பாதுகாப்பாக அவரவர் இல்லம் சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.